ஆற்றுப் பக்கத்துச் சுவர்

எங்கள் தெருவில் எந்த வீட்டைப் பார்த்தும் எந்த வீட்டுக்காரனும் பொறாமைப்பட வழி கிடையாது. மந்திரியின் உத்தரவு அப்படி. கீழே கடை, கடைக்கு மேலே மூன்று மாடி, அதற்கு மேலே ஓட்டுக்கூரை. எல்லா வீட்டிலும் ஒரே அளவு சன்னல், ஒரே அளவு கதவு, ஒரே மாதிரி இரும்புக் கிராதி. பிரபுவாகவே இருந்தாலும் முகப்பில் குலச்சின்னம் பதிக்கக் கூடாது. தேவாலயம்கூட வரிசையை விட்டு ஒரு சாண் முன்னே வரக் கூடாது. பூகம்பத்தில் தரைமட்டமான லிஸ்பனை இனிமேல் அறிவைக் கொண்டு, நேர்கோட்டில், எல்லாருக்கும் ஒன்றுபோலக் கட்டுவோம் என்றார்கள். கட்டியும் விட்டார்கள். அந்தத் தச்சு வேலையில் என் கையும் உண்டு.

அப்படியிருந்தும் நான் ஒருநாள் அளவுகோலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். என் தங்கை புருஷன் கிறிஸ்பிமின் சன்னலை உயரம், அகலம், நிலைக்கல்லின் தடிமன் என்று ஒன்று விடாமல் அளந்தேன். என் சன்னலுக்கும் அவன் சன்னலுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. நிம்மதியாகத் திரும்பும்போதுதான் கவனித்தேன், காலை வெயில் அவன் சன்னலில்தான் விழுகிறது. மந்திரி இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்.

என்னைப் பற்றி, அன்செல்முவுக்குக் கிறிஸ்பிமைக் கண்டால் ஆகாது, பொறாமை பிடித்தவன் என்று ஊரே சொல்லும். உண்மைதான், நான் மறைக்கவில்லை. ஆனால் எதற்காகப் பொறாமை என்று ஊருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நானும் அவனும் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பட்டறையில் வேலை செய்தவர்கள். வேலையில் நான் சுத்தம், அவன் வேகம். நான் பேசினால் ஆட்கள் வேலையைப் பார்ப்பார்கள், அவன் பேசினால் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். என் தங்கை கித்தேரியாவும் அப்படிச் சிரித்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தங்கையைத் தவிர வேறு யாருமில்லை. இருந்த ஒருத்தியும் அவன் பக்கம் போய்விட்டாள்.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று காலையில் பூமி ஆடியபோது என் வீடு மாவாகப் போனது. பின்னால் வந்த தீ என் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் தின்றது. இடுப்பில் சொருகியிருந்த குறடு மட்டும் தப்பியது. இரண்டு தெரு தள்ளி கிறிஸ்பிமின் வீட்டில் மூன்று சுவர்கள் விழுந்தன. நான்காவது சுவர் நின்றது, அதை ஒட்டிக் கட்டிலும் நின்றது, கட்டிலின் மேல் அவனுடைய பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பூகம்பம்கூட ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். ஊரே பிணங்களைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றியது. என் மனசு அப்படிப்பட்டது.

பிறகு எல்லாரும் மேட்டில் மரக்குடிசை போட்டுக்கொண்டோம். ராஜாவே கல் கட்டடத்துக்குள் தலை வைக்க மாட்டேன் என்று மரக்கொட்டகைக்குப் போய்விட்டார். துறவிகள் முச்சந்திகளில் நின்று, இது நம் பாவத்துக்கு விழுந்த அடி, திரும்பக் கட்டாதீர்கள், முழங்கால் போடுங்கள் என்றார்கள். மந்திரியோ ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை நிமிடம் ஆடியது? எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு? கிணற்றுத் தண்ணீர் கூடியதா, குறைந்ததா?

"கடவுள் அடிச்சா எத்தனை அடின்னு எண்ணிச் சொல்லணுமாக்கும்" என்றேன் நான்.

"எண்ணினாத்தானே மச்சான் அடுத்த அடிக்கு எங்க ஒதுங்குறதுன்னு தெரியும்" என்றான் கிறிஸ்பிம். குடிசை வரிசையே சிரித்தது.

அந்தச் சமயத்தில்தான் கேப்டன் வலதாரெஸ் கப்பல்தளத்துக்கு வந்தார். ராணுவப் பொறியாளர். ஒல்லியான ஆள், சட்டைக் கையில் எப்போதும் மை. அவர் எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார்.

"பூகம்பத்தன்னைக்கு ஆறு பொங்கி வந்தப்போ கல் மாளிகை எல்லாம் போச்சு. கரையில கட்டியிருந்த கப்பல் ஏன் போகலை? ஆளுக்கொரு பதில் செஞ்சு கொண்டு வாங்க. வாயால வேண்டாம், மரத்தால."

முழ உயரத்தில் வீட்டுச்சுவரின் மாதிரி ஒன்று செய்து கொண்டுபோக வேண்டும். ஜெயிக்கிற மாதிரியை ஆள் உயரத்துக்கு மேலே கட்டி அரண்மனைத் திடலில் வைத்துச் சோதிப்பார்கள். அது நின்றால், செய்தவன்தான் புது நகரம் முழுமைக்கும் தலைமைத் தச்சன். இனி எழும்பப்போகிற ஒவ்வொரு சுவருக்குள்ளும் அவன் கணக்குத்தான் இருக்கும். எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்று இருந்தது. அதைவிட, அது கிறிஸ்பிமுக்குப் போகக் கூடாது என்று இருந்தது.

என் மாதிரிக்குத் தடித்த கம்பங்கள் வைத்தேன், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. கேப்டன் அதை மேசையில் வைத்து மேசையை ஆட்டினார். நாலாவது ஆட்டத்தில் ஒரு பட்டை தெறித்து அவர் மைக்கூட்டில் விழுந்தது.

"அன்செல்மு, இது கோட்டைக் கதவு. நான் வீடு கேட்டேன்."

கிறிஸ்பிம் கொண்டுவந்தது பார்க்க ஒரு பறவைக் கூண்டு. மெல்லிய சட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் மூலைக்கு மூலை இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறியாகக் குறுக்கே ஓடின. அவை ஒன்றையொன்று கடக்கும் நடு இடத்தில் பாதி பாதி செதுக்கிப் பொருத்தி, ஒரு இரும்பு முளை அடித்திருந்தான். கேப்டன் ஆட்டினார், குலுக்கினார், கடைசியில் அதன் மேல் ஏறியே உட்கார்ந்தார். நின்றது. தளம் முழுக்க ஒரே விசில். என் காதில் அந்த விசில் இன்னும் இருக்கிறது.

திடலில் பெரிய கூண்டு கட்ட இருபது தச்சர்களைக் கொடுத்தார்கள். அதில் நானும் ஒருவன், கிறிஸ்பிமின் கீழே. இரண்டு மாடி உயரத்துக்கு, வெறும் எலும்பாக, பூச்சில்லாமல், பலகைத் தளத்தின் மேல் எழுந்தது கூண்டு. கிறிஸ்பிம் ஏணியில் நின்று வேலை சொன்னான். கெட்ட விதமாகச் சொன்னாலும் பரவாயில்லை, அன்பாகச் சொன்னான்.

"மச்சான், அந்தச் சட்டத்தை இன்னும் ரெண்டு இழுப்பு இழைச்சுடு. உன் மூஞ்சி மாதிரி கரடுமுரடா நிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு இழுப்பு இழைத்தேன்.

சோதனை நாளுக்கு முந்தின மத்தியானம், மணியடித்ததும் ஆட்கள் சாப்பாட்டுக்குப் பாய்க்கூரைக்குக் கீழே போனார்கள். கித்தேரியா கருவாடும் கொண்டைக்கடலையும் கொண்டுவந்திருந்தாள். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். காவலுக்கு நின்ற சிப்பாய் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் குறட்டை எடுத்தேன்.

ஆற்றுப் பக்கத்துச் சுவரில் பதினாறு பெருக்கல்கள், நடுவில் பதினாறு முளைகள். ஏணி போட்டு மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துளையில் தேன்மெழுகையும் மரத்தூளையும் பிசைந்து அடைத்து, கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். நான் வேலையில் சுத்தம் என்று முன்னேயே சொன்னேன் அல்லவா? மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆற்றுப் பக்கத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கூட்டமும் மந்திரியின் ஆட்களும் ஊர்ப் பக்கம் நிற்பார்கள். கூண்டு விழுந்தால் ஆற்றைப் பார்த்து விழும், யாருக்கும் அடிபடாது. கிறிஸ்பிமின் மூக்கு மட்டும் அறுபட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நான் கொலைகாரன் இல்லை.

மறுநாள் காலை திடலில் கால் வைக்க இடமில்லை. அவித்த கஷ்கொட்டை விற்பவர்கள், துறவிகள், சீமாட்டிகள், குருடர்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். திடலின் ஓரத்தில், பூகம்பத்தின்போது கொள்ளையடித்தவர்களுக்காக நட்ட தூக்குமரம் இன்னும் நின்றது. இரண்டு படைப்பிரிவுகள் கனத்த பூட்ஸோடு வரிசையில் நின்றன. கூண்டு நின்ற பலகைத் தளத்தைச் சுற்றி அவர்கள் ஓங்கி மிதித்து நடக்க வேண்டும். அதுதான் கேப்டன் செய்யப்போகிற பூகம்பம்.

கேப்டன் கையைத் தூக்கப்போன நேரத்தில் கிறிஸ்பிம் சட்டையைச் சரிசெய்துகொண்டு கூண்டுக்குள் நடந்து போனான்.

"ஏய், அவன் எதுக்கு உள்ள போறான்?" என்றேன்.

பக்கத்தில் நின்ற தச்சன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "என்ன அன்செல்மு, புதுசா கேக்கறே? கப்பலைத் தண்ணில இறக்கும்போது செஞ்சவன் உள்ள நிக்கணும்ல. நீயே மூணு தடவை நின்னிருக்கே."

நின்றிருக்கிறேன். கப்பல்தளத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். செய்தவன் உள்ளே நிற்காத கப்பலில் மாலுமி ஏற மாட்டான். ஆனால் இதை நான் கப்பலாக நினைக்கவே இல்லை. எனக்கு இது கிறிஸ்பிமின் கூண்டு, அவ்வளவுதான். பொறாமை என் கண்ணை அந்த அளவுக்கு மறைத்திருந்தது.

முன்வரிசையில் கித்தேரியா வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். தூக்குமரத்தைப் பார்த்தேன். அரசாங்க வேலையைக் கெடுத்தவனுக்கு அங்கேதான் இடம். வாய் மூடிக்கொண்டது. மேளம் ஆரம்பித்தது, முதல் வரிசை கால் தூக்கியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நான் ஓடி, தளத்தின் மேல் ஏறி, கூண்டுக்குள் நுழைந்து, ஆற்றுப் பக்கத்துச் சுவரில் கை வைத்து நின்றேன்.

கிறிஸ்பிம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "என்ன மச்சான், பெருமையில பங்கு கேக்க வந்துட்டியா?"

"வாயை மூடிக்கிட்டு நில்லு மாப்பிள்ளை" என்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

கூட்டம் கைதட்டியது. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கிறார்கள், என்ன ஒரு பாசம்!

எண்ணூறு பூட்ஸ்கள் ஒரே நேரத்தில் தரையில் இறங்கின. முதல் சுற்றில் பலகை அதிர்ந்தது. மூன்றாவது சுற்றில் கூண்டு முனக ஆரம்பித்தது. ஐந்தாவது சுற்றில், எனக்குத் தலை சுற்றுகிறதா மரம் சுற்றுகிறதா என்று தெரியாத நேரத்தில், ஊர்ப் பக்கத்துச் சுவரிலிருந்து பளார் என்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. முளை அடித்த இடத்தில் மரம் நெடுக்காகப் பிளந்துகொண்டிருந்தது. இரும்பு அசையாது, மரம் அசைய வேண்டும், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கூண்டு ஊர்ப் பக்கமாகச் சாய்ந்தது. கூட்டம் அலறிப் பின்னால் ஓடியது.

ஆற்றுப் பக்கத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நடுவில் முளை இல்லாத பெருக்கல்கள் ஒன்றின் மேல் ஒன்று மெல்ல நகர்ந்தன. நகர்ந்து, நின்று, திரும்பித் தம் இடத்துக்கே வந்தன. மறுபடி நகர்ந்தன, மறுபடி வந்தன. பதினாறும் அப்படித்தான். ஒரு சிராய்கூடத் தெறிக்கவில்லை. சாய்ந்த ஊர்ப் பக்கத்தையும் அந்தச் சுவர்தான் விழவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் அதை முதலில் அறிந்தவன் நான். முப்பது வருடம் மரம் அறுத்தவன், அதைவிட அழகான ஒன்றை நான் தொட்டதில்லை.

கேப்டன் கையைத் தூக்கினார். பூட்ஸ்கள் நின்றன. அவர் தளத்தின் மேல் ஏறி, பிளந்த பக்கத்தைப் பார்த்தார், பிளக்காத பக்கத்தைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு பெருக்கலின் நடுவில் வைத்தார். நகத்தால் சுரண்டினார். மெழுகு வந்தது.

"இந்தப் பக்கம் இரும்பே இல்லையே, கிறிஸ்பிம்?"

கிறிஸ்பிம் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். துளையின் ஓரத்தில் குறடு அழுந்திய தடம், பிறை வடிவத்தில், ஒரு பக்கம் மூளியாக. என் குறட்டில் ஒரு பல் எப்போதோ உடைந்துபோயிருந்தது. என் பக்கத்துப் பட்டறையில் பத்து வருடம் நின்றவனுக்கு அந்தத் தடம் என் கையெழுத்து மாதிரி. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. நான் ஏன் உள்ளே ஓடிவந்தேன் என்பதும் அந்த நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

தளத்தின் கீழே மந்திரியின் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தூக்குமரம் தெரிந்தது.

"நான்தான் ஐயா அப்படி விட்டேன்" என்றான் கிறிஸ்பிம். "ஒரு பக்கம் இரும்போட, ஒரு பக்கம் இரும்பில்லாம. எது வேணும்னு மரத்துக்கிட்டயே கேட்டுடலாம்னு."

கேப்டன் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். "எல்லாரும் கேளுங்க! பாரிஸ்ல, லண்டன்ல பெரிய பெரிய ஞானிங்க இப்படித்தான் செய்யறாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது! இதை ஒரு தச்சன் தானா யோசிச்சிருக்கான்! அறிவு எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

தொப்பிகள் பறந்தன. பாவத்துக்கு விழுந்த அடி என்று சொல்லித்திரிந்த துறவிகூடக் கை தட்டினார். கித்தேரியா அழுதுகொண்டே ஓடிவந்து புருஷனைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னையும்.

அன்றைக்கே அவனைத் தலைமைத் தச்சனாக்கினார்கள். இரும்பு முளை இல்லாத பெருக்கல்கள்தான் சுவருக்குள் என்று உத்தரவு போட்டார்கள். அவன் என் உயிரைக் காப்பாற்றினான். காப்பாற்றிய அதே வாக்கியத்தில் என் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டான். எதற்காக நன்றி சொல்வது, எதற்காகச் சட்டையைப் பிடிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஜூனில் புனித அந்தோணியார் திருவிழா வந்தது. தெருவெல்லாம் சாளை மீன் சுடுகிற வாசனை. அவன் எல்லார் முன்னாலும் ஒரு துணிப்பொட்டலத்தை என் மடியில் வைத்தான். உள்ளே புத்தம்புதுக் குறடு.

"உன் குறடு பல்லு போயிருக்கு மச்சான். இதை வச்சுக்கோ."

"தலைமைத் தச்சனா ஆனாலும் மச்சானை மறக்கலை பாரு!" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். அதற்குப் பதில் அவன் என்னை அறைந்திருக்கலாம். நான் பழைய குறட்டை ஆற்றில் எறிந்தேன்.

அப்புறம் இருபது வருடம் வேலை நடந்தது. நேர்கோட்டுத் தெருக்கள் எழுந்தன. தட்டான் தெரு, கொல்லன் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலுக்கொரு தெரு. ஒவ்வொரு சுவருக்குள்ளும் பூச்சுக்கு அடியில் அந்தக் கூண்டு. நான் தெருவில் நடந்தால் எனக்குச் சுவர் தெரியாது, உள்ளே நிற்கிற பெருக்கல்கள்தான் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் நான் பிடுங்கிய முளையின் இடம் காலியாக இருக்கும். "கிறிஸ்பிம் சுவர்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். காரை பூசுகிற பையனிலிருந்து கேப்டன் வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தும். உங்களுக்கு ஒருவன் மேல் பொறாமை இருந்தால், அவன் செய்ததற்காக இருக்கும். எனக்கு, நான் செய்ததற்காக அவன் மேல் பொறாமை.

போன அக்டோபரில் பூமி மறுபடி ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை, தேவாலய மணிகள் தாமாக அடித்தன, அலமாரித் தட்டுகள் விழுந்தன. பழைய மேட்டுத் தெருக்களில் சில சுவர்கள் சரிந்தன. எங்கள் தெருக்கள் முனகின, அசைந்தன, நின்றன. மறுநாள் கிறிஸ்பிமைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சகல புனிதர் திருநாள் மத்தியானம் அவன் வீட்டில் விருந்து. அறிஞர் கழகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், பெயர் பெர்னார்தினோ. கிறிஸ்பிம் சுவரைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறாராம். மேசையில் தாளை விரித்துவைத்து, "அந்த யோசனை உங்களுக்கு எப்படி உதிச்சது?" என்று கேட்டார். கிறிஸ்பிம் தட்டையே பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தான். இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு அவன் இப்படித்தான் ரொட்டியைப் பிய்க்கிறான். அதை அடக்கம் என்பார்கள்.

எழுத்தில் ஏறப்போகிறது என்றதும் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அவனுக்கு எங்க உதிச்சது! நான் புடுங்கினேன். பதினாறு முளையையும் என் கையால புடுங்கினேன். கூண்டு விழணும்னு, இவன் மானம் போகணும்னு புடுங்கினேன். எழுதிக்கோங்க!"

கித்தேரியா என் டம்ளரைத் தள்ளிவைத்தாள்.

"அண்ணே, போதும். எத்தனை வருஷம்ண்ணே இப்படி வெந்து சாவே? இப்போ சுவரையும் நான்தான் கண்டுபிடிச்சேன்னு ஆரம்பிச்சுட்டியா?"

"சாட்சி ஏதாவது உண்டா?" என்று பெர்னார்தினோ புன்னகையோடு கேட்டார்.

சாட்சி ஆற்றுக்கு அடியில் கிடந்தது. கூண்டை அந்தக் குளிர்காலமே பிரித்துக் குடிசைகளுக்கு விறகாகக் கொடுத்துவிட்டார்கள். நான் கிறிஸ்பிமைப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவன் ரொட்டியை வைத்தான்.

"அவர் சொல்றது நிஜம் ஐயா" என்றான். "அவர்தான் புடுங்கினார். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருடம்! பெர்னார்தினோ பேனாவைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எத்தனை அறிஞர்களைப் பாத்திருக்கேன்" என்றார். "ஒரு வார்த்தைக்காக ஒருத்தரையொருத்தர் கடிச்சுக்குவாங்க. தன்னைக் கண்டா ஆகாத மச்சானோட மனசு குளிரணும்னு, தன் வாழ்நாள் புகழையே தூக்கிக் கொடுக்கற மனுஷனை இன்னைக்குத்தான் பாக்கறேன். இதையும் எழுதுவேன்."

எல்லாரும் எழுந்து கிண்ணத்தை உயர்த்தினார்கள். கித்தேரியா புருஷன் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வெட்கமாக இல்லையா என்று இருந்தது.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கிறிஸ்பிம் பின்னாலேயே வந்தான். இருவரும் தெருவில் நின்றோம்.

"சொல்லிட்டேன் மச்சான். நம்பலைன்னா நான் என்ன பண்ண?"

"அன்னைக்கு ஏன்டா நான்தான்னு சொன்னே? என்னைக் காப்பாத்தவா, பதவிக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான். பொய் சொல்லவில்லை. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "நீ என்னவோ நான் சுகமா இருக்கேன்னு நினைக்கறே. ஆறு மாசம் தூங்காம, ஊருக்கு நல்லது நினைச்சு நான் அடிச்ச முளை. அது பொளந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல, கெட்டது நினைச்சு, அரை மணி நேரத்துல நீ செஞ்சது நிக்குது. இந்த ஊரு பூரா நிக்குது! இது எந்த ஊரு நியாயம்? என்னைத் தோள்ல தூக்கினாங்களே, அப்பக்கூட எனக்கு உன் குறடுதான் கண்ணுக்கு முன்னாடி. கை தட்டறது எல்லாம் உனக்கு, நிக்கறது நான். உன்னைப் பாத்தா எனக்கு எப்படி எரியும்னு உனக்குத் தெரியுமா?"

நான் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"சன்னலை அளந்தியே, பாத்தேன்" என்றான். "நானும் அளந்திருக்கேன். நீ ஊர்ல இல்லாதப்போ. எல்லாம் ஒண்ணுதான். ஆனா சாயங்கால வெயில் பூரா உன் சன்னல்லதான் விழுது. குளிர்காலத்துல எனக்கு முதுகு வலிக்குது, நீ அங்க சொகுசா உக்காந்திருப்பே."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். நவம்பர் வெயில் என் மூன்று சன்னல்களிலும் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்த நேரத்தில் நான் வேலையில் இருப்பேன், கவனித்ததே இல்லை. கிறிஸ்பிம் என் மேல் பொறாமைப்படுகிறான். இருபது வருடமாகப் படுகிறான். என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து, திரும்பித் தன் இடத்துக்கே வந்தது. அவன் மேல் பரிவு வந்திருக்க வேண்டும், கொஞ்சம் வந்தது. மற்றதெல்லாம் சந்தோஷம்.

"வா, உள்ள வந்து சாப்பிடு" என்றான்.

"அப்புறம் வரேன் மாப்பிள்ளை" என்றேன்.

தெருவைக் கடந்து என் வீட்டுக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று சன்னல்களையும் அகலத் திறந்து, அவனுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.